நூறு கிலோவாட்டுக்குக் கீழே

இந்திய எரிசக்திச் சிக்கனச் சட்டம் 2001இல் நிறைவேறியபோது, 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சுமை உள்ள கட்டிடங்களை மட்டுமே தன் வரம்புக்குள் எடுத்துக்கொண்டது. 2010இல் வந்த திருத்தம் அந்த எல்லையை 100 கிலோவாட்டாக இறக்கியது. கட்டிடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 2007இல் வெளியாகி 2017இல் புதுப்பிக்கப்பட்டது. அதற்கும் இதே எல்லைதான். 2022 திருத்தம், மாநில அரசுகள் விரும்பினால் இன்னும் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்று வழிவிட்டிருக்கிறது.

இந்த எல்லைக்கு அருகில் வைத்து ஒரு பேரூராட்சியின் கிளை நூலகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மின்விசிறி 12, ஒவ்வொன்றும் 75 வாட். பழைய சோக் வைத்த குழல்விளக்கு 16, சோக்கில் வீணாவதையும் சேர்த்து ஒவ்வொன்றும் 52 வாட். இரண்டு கணினி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாலும் 2 கிலோவாட்டைச் சுற்றித்தான் வரும். கிராம நிர்வாக அலுவலகம், அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், தொடக்கப்பள்ளி ஆகியவை இதற்கும் குறைவு. தாலுகா அலுவலகத்திலும் பேரூராட்சி அலுவலகத்திலும் நாலைந்து ஏசி இருந்தால் பத்து, பதினைந்து கிலோவாட்டைத் தொடலாம். ஊரில் சட்டத்தின் கண்ணில் படக்கூடிய அரசுக் கட்டிடம் ஒன்று இருக்குமானால் அது பெரும்பாலும் அரசு மருத்துவமனையாக இருக்கும்.

அந்த நூலகத்தின் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாத நண்பகலில், மேகமில்லாத நாளில், தமிழகச் சமவெளியின் எந்த ஊரிலும் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் 900 வாட்டுக்குக் குறையாத வெயில் விழும். கூரை முழுவதற்கும் 90 கிலோவாட். உள்ளே ஓடும் மின்சாரம் 2, மேலிருந்து விழும் வெப்பம் 90. சட்டத்தின் எல்லையும் திட்டங்களின் கணக்கும் மின்மீட்டரில் ஓடும் அந்த இரண்டைத்தான் பார்க்கின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவரை வாட்டுவது மீட்டரில் ஏறாத தொண்ணூறு.

சிறுநகரப் பொதுக்கட்டிடங்களின் எரிசக்தி பற்றிப் பேசும்போது நாம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். எரிசக்தித் திறன் என்றால் அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்வது. கண்ணாடிச் சுவரும் நடுவண் குளிரூட்டலும் கொண்ட பெருநகர அலுவலகத்தில் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அறை 23 டிகிரியில் இருக்கிறது. அதைக் குறைந்த யூனிட்டில் சாதித்தால் மிச்சம் கண்கூடாகத் தெரியும். நம் தாலுகாக் கட்டிடங்களில் அந்த வேலையே நடப்பதில்லை. சான்றிதழுக்காகக் காத்திருக்கும் மூதாட்டி நிற்கும் வராந்தாவில் விசிறி இல்லை. மூன்று மணிக்குப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்கவில்லை. யூனிட் குறைவாக ஓடுகிறது, ஏனென்றால் கொடுக்கவேண்டிய வசதி கொடுக்கப்படவில்லை. இங்கே மின்கட்டணம் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், விசிறியை அணைத்துப் போட்ட அலுவலகம்தான் முதல் பரிசு பெறும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை பேர் தாங்கக்கூடிய அறையில் இருந்தார்கள் என்பதே இங்கே சரியான கேள்வி.

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே ஒரு தெளிவான விடை உண்டு. 2010 மே மாதம் அகமதாபாதில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்நகரின் சாரதாபென் மாநகராட்சி மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் வெப்பத்தால் நோயுற்றுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். பிரசவ வார்டு இருந்தது கட்டிடத்தின் உச்சித் தளத்தில். பிறகு அந்த வார்டு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. 2014இல் வெளியான ஆய்வின்படி, வெளி வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரிக்கும் வெப்பத்தால் வரும் குழந்தைச் சேர்க்கை 43 சதவீதம் கூடியது. வார்டு கீழே வந்தபின் அத்தகைய சேர்க்கை 64 சதவீதம் குறைந்தது. எண்ணிக்கை சிறியது என்பதால் அந்தச் சதவீதத்தில் ஏற்ற இறக்கத்துக்கு இடம் உண்டு என்று ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். திசையில் ஐயமில்லை. ஒரு யூனிட் மின்சாரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூரைக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு தளம் வந்தது, அவ்வளவுதான். எந்த எரிசக்தித் தணிக்கை அறிக்கையிலும் இந்த மாற்றம் பூஜ்ஜியமாகத்தான் பதிவாகும்.

அகமதாபாத் பெருநகரம். ஆனால் கூரையின் இயல்பு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. சொல்லப்போனால் சிறுநகரங்களில் அது இன்னும் கடுமை. பத்து மாடிக் கட்டிடத்தில் கூரையின் வெப்பம் பத்தில் ஒரு பங்குப் பேரைத்தான் தொடும். மற்றவர்களுக்குச் சுவரும் ஜன்னலும்தான் பிரச்சினை. நம் பள்ளிகளும் அலுவலகங்களும் ஒன்று, இரண்டு தளம் கொண்டவை. பாதிப் பேர், பல இடங்களில் எல்லோருமே, நேராகக் கூரைக்கு அடியில் இருக்கிறார்கள். பெருநகரத்துக்கு எழுதிய கையேட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பணம் ஜன்னல் கண்ணாடிக்குப் போகும், வெப்பம் தலைக்கு மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் மேலே வாங்கிய வெப்பத்தை உள்ளே கடத்த மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வெயில் உச்சிக்கு வருவது நண்பகலில் என்றால், உள்கூரை உச்சச் சூட்டை அடைவது நாலு மணிக்கு மேல். வெளியே காற்று தணியத் தொடங்கிய நேரத்தில் உள்ளே கூரை அடுப்பாகிறது. அலுவலகத்துக்கு மாலையில் பூட்டும் நேரம் உண்டு. பிரசவ வார்டுக்கும் விடுதிக்கும் காவல் நிலையத்துக்கும் கிடையாது. இரவு பத்து மணிவரை அந்தச் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் தணிந்தபின் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் வெப்பம் ஓரளவு வெளியேறிவிடும். ஆனால் பாதுகாப்புக்காகப் பூட்டிவிட்டுப் போகும் கட்டிடங்களில் மறுநாள் காலை அது அங்கேயே இருக்கும். கம்பி போட்ட உயரமான வென்டிலேட்டர்களை நம் பழைய கட்டிடங்களில் வைத்ததற்கு இது ஒரு காரணம்: பூட்டிய அறையிலும் இரவுக்காற்று போய்வர வேண்டும்.

பழைய தாலுகா கச்சேரிகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கனமான அந்த அடுக்கு வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். கான்கிரீட் வந்தபின்பும் பொதுப்பணித்துறை அந்தச் செங்கல் ஜல்லி அடுக்கை வெதரிங் கோர்ஸ் என்ற பெயரில் தளத்தின் மேல் தொடர்ந்து போட்டுவந்தது. மழை ஒழுகாமல் இருக்கவே அது என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பத் தடுப்பும் அதன் வேலைதான். அது வெடித்து ஒழுகத் தொடங்கும்போது நடப்பது என்ன? மேலே சிமெண்டைப் பூசுகிறார்கள், அல்லது கறுப்புத் தார் ஷீட்டை ஒட்டுகிறார்கள். ஒழுகல் நிற்கிறது. கூரை முன்னைவிட அதிகமாக வெயிலைக் குடிக்கிறது. ஒரு பழுது பார்க்கும் கணக்கில் இன்னொரு பழுது ஏறிவிடுகிறது, அதை யாரும் செலவாக எழுதுவதில்லை.

வெயிலில் காய்ந்த சாம்பல்நிறக் கான்கிரீட் தன் மேல் விழும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக வெள்ளைப் பூச்சு அடித்த தளம் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பிவிடும். நம் நூலகக் கூரை உள்வாங்கும் வெப்பம் 60 கிலோவாட்டிலிருந்து 20க்குள் இறங்குகிறது. ஹைதராபாதில் நடந்து 2012இல் வெளியான ஓர் அளவாய்வு, பூச்சில்லாத கான்கிரீட் கூரைக்கு வெள்ளை அடித்தால் குளிரூட்டப்பட்ட கட்டிடத்தில் ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 13 முதல் 14 யூனிட் மிச்சம், குளிரூட்டும் செலவில் 10 முதல் 19 சதவீதம் என்று கண்டது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக்கொள்கை வகுத்ததன் பின்னணியில் இப்படிப்பட்ட ஆய்வுகள் உண்டு. ஏசி இல்லாத நம் நூலகத்தில் அதே பூச்சு ஒரு யூனிட்டையும் மிச்சப்படுத்தாது. உள்ளே சில டிகிரி குறையும். அதற்கு ரூபாய் மதிப்புப் போடத் தெரியாத காரணத்தால்தான், முன்மொழிவுகளில் கூரை கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, சில சமயம் காணாமலும் போகிறது.

பூச்சில் பல வகை உண்டு. சுண்ணாம்பு மலிவு, ஒரு கோடைக்குத் தாங்கும், மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்கவேண்டும். கடையில் கிடைக்கும் வெள்ளை இரப்பர் பூச்சு சில ஆண்டுகள் இருக்கும். உடைந்த வெள்ளை ஓடுகளைப் பதிக்கும் சைனா மொசைக்குக்குத் தொடக்கச் செலவு அதிகம், ஆனால் பல ஆண்டுகள் கவலையில்லை. மொட்டை மாடியில் ஆள் நடமாட்டம் இருக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதுவே சரி என்பது என் கருத்து. எதைச் செய்தாலும் முதலில் ஒழுகலை அடைக்கவேண்டும். ஈரம் தேங்கும் தளத்தில் எந்தப் பூச்சும் உரியும். அரசு அலுவலக மொட்டை மாடிகளில் உடைந்த நாற்காலியும் கழித்துக்கட்டிய பீரோவும் குவிந்து, மழைநீர்க் குழாயின் வாய் அடைபட்டிருப்பது வழக்கம். அந்தக் கழிவை ஏலம்விட ஒரு கையெழுத்து கிடைக்காததால் கூரை வேலையே தள்ளிப்போகிறது என்றால், எரிசக்தித் திட்டத்தின் முதல் வரி அந்த ஏலமாகத்தான் இருக்கவேண்டும். தூசியும் பாசியும் படிந்தால் வெள்ளையின் பயன் குறையும். கோடைக்கு முன் ஒருமுறை கழுவிவிடுவது பராமரிப்புப் பட்டியலில் ஏறவேண்டும்.

கூரை தணிந்த பிறகே விசிறிக்கு முழுப்பயன் கிடைக்கும். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆற்றுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் உடலுக்கு ஏறக்குறைய மூன்று டிகிரி குறைந்ததுபோல இருக்கும். ஆனால் உள்கூரை 40 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தால், அதன் அடியில் சூடேறிய காற்றைத்தான் விசிறி தலையில் கொட்டும். அகமதாபாதின் செப்ட் பல்கலைக்கழகத்தினர் இந்திய அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டறிந்து உருவாக்கிய வெப்பத் தகவமைவு வாய்பாடு ஒன்று 2016 தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. அதன்படி, வெளி வெப்பத்தின் அண்மைநாள் சராசரி 32 டிகிரி என்றால், இயற்கைக் காற்றோட்டம் உள்ள கட்டிடத்தில் இருப்பவர்கள் 30 டிகிரியில் இயல்பாக உணர்கிறார்கள். ரூர்கியின் மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1980களிலேயே இந்தியருக்கான கோடை வெப்பக் குறியீட்டை வகுத்து, 25 முதல் 30 வரை வசதியான எல்லை என்று சொல்லியிருந்தது. நமக்கு 23 டிகிரி தேவையில்லை. 30க்கு அருகில் ஓர் அறையும் தலைக்கு மேல் காற்றும் போதும். ‘ஏழைக்கு இது போதும்’ என்ற பேச்சில்லை இது. இந்த மண்ணில் வாழும் உடல்களை அளந்து கண்ட முடிவு. ஏசி வாங்கும் ஆணையில் கையெழுத்திடும் முன் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

விசிறியில் கடந்த பத்தாண்டில் வந்திருக்கும் மாற்றம் பெரிது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையில்லா மோட்டார் விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும். 2023 ஜனவரி முதல் விசிறிகளுக்கு நட்சத்திரக் குறி கட்டாயம் ஆனதால், இப்போது விற்கும் சாதாரண விசிறியும் 50 வாட்டை ஒட்டி வந்துவிட்டது. ஒரே விசிறி இடத்துக்கு இடம் வேறு கணக்குத் தரும். மருத்துவமனை வார்டில் நாளுக்கு 20 மணி நேரம் ஓடும் பழைய விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு 328 யூனிட் மிச்சம். நூலகத்தில் நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 108 யூனிட். யூனிட் 8 ரூபாய், விசிறி 3,000 ரூபாய் என்று கொண்டால் வார்டில் பதினாலு மாதத்தில் போட்ட பணம் திரும்பும்; நூலகத்தில் மூன்றரை ஆண்டு. ஆகவே ஊரில் உள்ள எல்லா அலுவலகத்துக்கும் தலா பத்து என்று பங்கிட்டுக் கொடுப்பதைவிட, முதல் நூறு விசிறியும் மருத்துவமனைக்கே போவது நியாயம். மின்கணக்கும் அதைத்தான் சொல்கிறது, மனித நியாயமும் அதைத்தான் சொல்கிறது. இரண்டும் ஒரே பக்கம் நிற்கும் இடங்கள் அதிகம் இல்லை.

இங்கே ஊரின் நடைமுறை ஒன்றைக் கவனிக்காமல் திட்டம் போட்டால் தோற்கும். பழைய விசிறி எரிந்தால் கடைத்தெருவில் காயில் கட்டும் கடை இருக்கிறது. சில நூறு ரூபாயில் மறுநாள் சுற்றும். கண்டன்சர் வீக் ஆனால் அலுவலக உதவியாளரே மாற்றிவிடுவார். பி.எல்.டி.சி. விசிறியின் உள்ளே மின்னணுப் பலகை இருக்கிறது. இடி மின்னலிலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் அது போனால் காயில் கட்டுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. ரிமோட் தொலைந்துபோகும். பழைய ரெகுலேட்டரோடு அது ஒத்துவராது. இரண்டாண்டு உத்தரவாதம் இருந்தாலும், வாங்கிய ரசீது மாவட்டத் தலைநகரக் கோப்பில் இருக்க, விசிறி இங்கே தொங்கிக்கொண்டிருக்கும். பொதுக்கட்டிடத்துக்கு வாங்கும்போது சுவர் ரெகுலேட்டரில் இயங்கும் வகையைக் கேட்டு வாங்குவது, நூற்றுக்கு ஐந்து என்று மாற்றுப் பலகைகளைச் சேர்த்தே கொள்முதல் செய்வது, உத்தரவாத அட்டையின் நகலை அந்தந்தக் கட்டிடத்திலேயே வைப்பது, காயில் கட்டும் கடைக்காரர்களுக்குப் பலகை மாற்றப் பயிற்சி கொடுப்பது என்று இவ்வளவும் விசிறியின் விலையோடு சேர்ந்தவை. கடைசியாகச் சொன்னது நடந்தால் ஊரில் ஒரு தொழிலும் பிழைக்கும்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 52 வாட் போய் 20 வாட் வருவது எளிய கணக்கு, பெருமளவு நடந்தும் முடிந்துவிட்டது. பகலில் ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோக்களை நகர்த்தினால் பாதி விளக்கு தேவைப்படாது.

ஏசி வேறு விதம். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும், ஐம்பது பி.எல்.டி.சி. விசிறிகளுக்கான மின்சாரம் அது. மருந்துக் கிடங்குக்கும் அறுவை அரங்குக்கும் ஆய்வகத்துக்கும் சர்வர் அறைக்கும் அது தேவை, கேள்வியே இல்லை. ஆனால் பல அலுவலகங்களில் முதல் ஏசி அதிகாரியின் அறைக்குப் போகிறது; ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு விசிறி கூட இல்லை. பொதுக்கட்டிடம் என்பதில் பொது யார் என்பதை மின் இணைப்பே காட்டிவிடுகிறது. மேம்படுத்தும் பணத்தில் முதல் ரூபாய் மக்கள் காத்திருக்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்று விதியாகவே எழுதலாம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. இறப்பதற்கு முன் அந்த மனிதர் நின்ற வரிசைக்கு நிழலும் காற்றும் கொடுப்பது அதைவிட மிகக் குறைந்த செலவு.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில், மிச்சத்திலிருந்து என்பது. ஒரு நிறுவனம் தன் பணத்தில் விளக்கையும் விசிறியையும் மாற்றிக்கொடுக்கும். குறையும் மின்கட்டணத்திலிருந்து தவணையாக எடுத்துக்கொள்ளும். மத்திய அரசின் ஈ.இ.எஸ்.எல். நிறுவனம் 2015இல் தொடங்கிய தெருவிளக்குத் திட்டமும், 2017இல் விரிவாக்கிய அரசுக் கட்டிடத் திட்டமும் இந்த அடிப்படையில் அமைந்தவை. தெருவிளக்கில் இது வேகமாகப் பரவியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாறின. பின்னர் பல மாநிலங்களின் உள்ளாட்சிகள் தவணையைக் கட்டாமல் நிலுவை குவிந்தது, பராமரிப்பும் தொய்ந்தது. கட்டிடங்களிலோ டெல்லியின் பெரிய அலுவலகங்களுக்கு இந்த முறை பொருந்தும். நம் நூலகத்தில் எல்லா விசிறியையும் விளக்கையும் மாற்றி, எல்லாம் முழுநேரமும் ஓடுவதாகக் கொண்டாலும் ஆண்டுக்கு 2,500 யூனிட், சுமார் 20,000 ரூபாய்தான் மிச்சம். பொறியாளர் ஒருவர் வந்து அளந்து, அறிக்கை எழுதி, மாற்றியபின் மறுபடி வந்து சரிபார்க்கும் செலவே இதை விழுங்கிவிடும். விசிறியே இல்லாத வராந்தாவுக்குப் புது விசிறி போட்டால் கட்டணம் கூடும். அந்த ஒப்பந்தக் கணக்கில் அது தோல்வி.

அதைவிட ஆழமான முடிச்சு அரசின் கணக்குத் தலைப்புகளில் இருக்கிறது. கட்டிடத்தைக் கட்டிப் பராமரிப்பது பொதுப்பணித்துறை; மின்கட்டணம் கட்டுவது அங்கே இருக்கும் துறை. கூரைக்குச் செலவழிப்பவருக்கு மிச்சத்தில் பங்கில்லை. மிச்சப்படுத்திய துறைக்கும் அந்தப் பணம் கையில் நிற்பதில்லை. மார்ச் 31 வந்தால் செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போகிறது, அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் அந்த அளவுக்குக் குறைகிறது. சிக்கனமாக இருந்த தலைமையாசிரியருக்குக் கிடைப்பது குறைந்த ஒதுக்கீடு. இப்படி ஓர் ஏற்பாட்டில் யாரும் விசிறியை மாற்ற முன்வராததற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை.

கையும் பையும் ஒருவரிடமே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி சான்று. குடிநீர் இறைக்கும் மின்கட்டணம் ஊராட்சியின் சொந்தச் செலவு. அது ஏற ஏற, ஊராட்சியே வழி தேடியது. 2006இல் தன் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. அது உற்பத்திக் கதை, சிக்கனக் கதை இல்லை. ஆனால் கட்டணம் கட்டுபவரே முதலீட்டையும் முடிவுசெய்ய முடிந்ததால்தான் அது நடந்தது.

இதே முடிச்சை ஜெர்மனியின் இரண்டு நகரங்கள் எளிதாக அவிழ்த்தன. ஹாம்பர்க்கில் 1994இல் பள்ளிகளுக்கு ஓர் ஏற்பாடு வந்தது: மிச்சமாகும் எரிசக்திச் செலவில் பாதி பள்ளிக்கே, மீதி நகரத்துக்கு. பள்ளி அந்தப் பணத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். ஸ்டுட்கார்ட் 1995இல் நகராட்சிக்குள்ளேயே ஒரு சுழல்நிதி வைத்தது. சுற்றுச்சூழல் துறை பணம் போட்டு நீச்சல்குளத்தையோ பள்ளியையோ மேம்படுத்தும். அந்தக் கட்டிடத்தை நடத்தும் துறையின் எரிசக்திக் கட்டண ஒதுக்கீட்டில் மிச்சமாவது, போட்ட பணம் திரும்பும்வரை நிதிக்கு வரும். பிறகு மிச்சம் அந்தத் துறைக்கே. வெளி நிறுவனம் இல்லை, லாபப் பங்கு இல்லை, சிறிய வேலையையும் எடுத்துக்கொள்ளலாம். குளிர்நாட்டுக் கட்டிடம் வேறு, நம் கட்டிடம் வேறு. கணக்கு எழுதும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளத் தடை என்ன? ஒரு மாவட்டத்துக்கு ஒரு சுழல்நிதி, அதில் மருத்துவமனை விசிறி ஈட்டும் மிச்சம் நூலகத்தின் கூரைக்குப் போகும்படி விதி. யூனிட் மிச்சமாகும் இடமும் மக்கள் தவிக்கும் இடமும் வேறுவேறாக இருக்கும்போது, இரண்டையும் இணைக்க இந்த ஒரு வாய்க்காலாவது வேண்டும்.

மொத்தமாக வாங்குவதன் வலிமையும் நமக்குத் தெரிந்ததுதான். எல்.இ.டி. பல்பின் அரசு கொள்முதல் விலை 2014இல் 310 ரூபாய், 2016இல் 38. தமிழகத்தில் 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே பத்துப் பத்து விசிறிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினால் கடைவிலைதான் கிடைக்கும், குறைந்த விலைக்காரர் பழைய ரகத்தைத்தான் கொடுப்பார். விவரக்குறிப்பிலேயே 35 வாட்டுக்கு மிகாமல், சுவர் ரெகுலேட்டரோடு, மாற்றுப் பலகைகளோடு என்று எழுதி மாநில அளவில் ஒரே கொள்முதலாகச் செய்ய எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. கூரைக்கு மேல் சூரியத் தகடு வைப்பதையும் இந்த வரிசையில் கடைசியாகத்தான் பார்ப்பேன். விசிறியை மாற்றியபின் பாதி அளவுத் தகடு போதும்; தளத்தை அடைக்காமல் சற்று உயர்த்தி வைத்தால் தகடே கூரைக்கு நிழலாகவும் ஆகும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பருவம் உண்டு. வடகிழக்கு மழை டிசம்பரில் ஓய்கிறது. தளம் காய்ந்து, ஒழுகல் எங்கே என்று கண்டுபிடித்து, அடைத்து, பூச்சு அடிக்கத் தோதான நாட்கள் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை. அரசு வேலைகளோ ஒதுக்கீடு தாமதமாக வந்து, மார்ச் கடைசி வாரத்தில் பில் போடுவதற்காக அவசரமாக முடிகின்றன; அதற்குள் கூரை சுடத் தொடங்கிவிடும், பள்ளிப் பொதுத்தேர்வும் நடந்துகொண்டிருக்கும். கூரை வேலைக்கான ஒப்பந்தப்புள்ளியை அக்டோபரில் கோரி, மழைக்காலத்திலேயே ஒழுகும் இடங்களைச் சுண்ணாம்புக் கோடு போட்டு அடையாளம் வைத்து, பொங்கல் முடிந்ததும் ஆள் ஏறும்படி ஆணை கொடுத்தால், மருத்துவமனையின் மேல்தள வார்டும் அரசுப் பள்ளியின் மேல்தள வகுப்பும் அந்தக் கோடையிலேயே தணியும்.